விட்டுப்போன நாலு எண்ணிக்கை

அக்டோபர் 3, வியாழன்

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. எடை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. கொண்டுவந்தவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நின்றார். நான் முத்திரை ஆய்வாளர் என்பதும், கடை கடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம் என்பதும் அவருக்குத் தெரியும்.

எங்கள் பங்கு மன்றத்துச் செயலாளர் மெல்கியோர் அண்ணன் போன் செய்தார். டிசம்பர் 21 கிறிஸ்துமஸ் விழாவில் நானும் என் மனைவி எமியும் வழக்கம்போல வாசிக்க வேண்டுமாம்.

“ஆகஸ்டுல மாதிரி சேலத்துலேருந்து ட்ரம்ஸ், கிடார்னு ஆள் கூப்புட வேணாம் சவரி. நீங்க ரெண்டு பேர் மட்டும் வாசிங்க. அதான் நல்லாருக்கும்.”

சரி என்றேன்.

“எமரென்சி வந்துருச்சா?”

வந்துவிடுவாள் என்றேன்.

எமி ஆகஸ்ட் 19 அன்று கோவைக்கு, மகள் ஜெசிந்தா வீட்டுக்குப் போனாள். பேத்திக்குச் சளி. சளி ஏழு வாரமாக இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு சாக்ஸபோனை எடுத்தேன். ஏழு வாரம் தொடாததால் உதடு ஒத்துழைக்கவில்லை. அரை மணி நேரத்தில் வைத்துவிட்டேன்.

கூடத்தில் எமியின் கீபோர்டு துணி போட்டு மூடிக் கிடக்கிறது. அதன் அடாப்டரைக் காணவில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் பையில் தவறிப்போய் போட்டிருப்பாள்.

ரசம் வைத்தேன். ரசம் மாதிரி இல்லை. குடித்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

எங்களுக்கென்று ஒரு பாட்டு உண்டு. பழைய அமெரிக்க ஜாஸ் பாட்டு. அதன் ஆங்கிலப் பெயரை நான் சொன்னால் ஜெசிந்தா சிரிப்பாள் என்பதால் வீட்டில் அதற்கு ‘முப்பத்திரண்டு’ என்றே பெயர். நாலு எண்ணிக்கை ஒரு பார். முப்பத்திரண்டு பார் ஒரு சுற்று. முதல் சுற்றில் பாட்டை உள்ளபடி வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு எமி அதே கார்ட்களை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளை, சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருப்பாள், நான் அவற்றின் மேல் மனதில் தோன்றுவதை வாசிப்பேன். மனோதர்மம் என்னுடையது, கார்ட்கள் அவளுடையவை. இருபத்தெட்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. யாரும் குறை சொன்னதில்லை.

கார்ட் வாசிக்க ஆள் இல்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்ய முடியாது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். “மைனஸ் ட்ராக்னு தேடுங்க மாமா, கொட்டிக் கிடக்கு” என்றார். பாட்டில் முதன்மையாக வாசிக்கிறவரை எடுத்துவிட்டு மற்றவர்கள் வாசிப்பதை மட்டும் பதிவு செய்து போடுகிறார்களாம். தேடினேன். முப்பத்திரண்டுக்கு மட்டும் நாற்பது ட்ராக்குக்கு மேல் இருக்கிறது. உலகத்தில் இத்தனை பேருக்குக் கூட வாசிக்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியாது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். எமி குளிக்கிறாளாம்.

அக்டோபர் 8, செவ்வாய்

முதல் ட்ராக் பிரேசில்காரருடையது. சத்தம் போதவில்லை என்று போனை எவர்சில்வர் அண்டாவுக்குள் வைத்தேன். நன்றாகவே கேட்டது. பாதியில் கூந்தல் தைல விளம்பரம் வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ட்ராக்கிலேயே கோளாறு. இருபத்து நான்காவது பாரில் தேவையில்லாமல் தயங்கி நிற்கிறார்கள். நான் கடைசி எட்டு பாருக்குப் போய்விட்டேன், இவர்கள் நாலு எண்ணிக்கை கழித்து ஆடி அசைந்து வருகிறார்கள். தள்ளுபடி.

அக்டோபர் 9, புதன்

பழைய பதிவேடு ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் கட்டம் போட்டு, ட்ராக்குகளைச் சோதித்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

ஜப்பான்: சுத்தமான வாசிப்பு. 24ஆவது பாரில் தாமதம்.

அமெரிக்கா: ஆரம்பத்தில் ஒருவர் இரண்டு நிமிடம் தன் நாயைப் பற்றிப் பேசுகிறார். 24ஆவது பாரில் தாமதம்.

எமி குளிக்கிறாளாம். இந்த வாரத்தில் மூன்றாவது முறை. சிறுவாணித் தண்ணீர் அப்படி.

அக்டோபர் 13, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நாலு பேர் எமியைக் கேட்டார்கள். பேத்திக்குச் சளி என்று நாலு பேரிடமும் சொன்னேன். நான்காவது ஆள், மெல்கியோர் அண்ணன் வீட்டு அண்ணி, “இன்னுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

போலந்துக்காரர் ஒருவருடைய ட்ராக் கிடைத்தது. இதுவரை கேட்டதில் இதுதான் உருப்படி. பியானோ வாசிக்கிறவர் அலட்டிக்கொள்வதில்லை. நாம் மூச்சு விடுகிற இடம் தெரிந்து ஒதுங்கிக்கொள்கிறார், எமியும் இப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தால் ஒரு கணம் வித்தியாசம் தெரியாது.

ஆனால் இருபத்து நான்காவது பாரில் இவரும் நிற்கிறார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. கீழே கருத்துப் பகுதியில், ஐயா, தங்கள் ட்ராக்கில் ஒரு பார் அதிகமாக இருக்கிறது, திருத்திப் போடவும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

போலந்துக்காரர் பதில் போட்டிருக்கிறார். “மதிப்புக்குரிய ஐயா, அன்போடு கேட்டுக்கொள்கிறேன், எண்ணிப் பாருங்கள்.”

எண்ணுவதும் அளப்பதும் என் தொழில், முப்பத்து மூன்று வருட சர்வீஸ் என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 16, புதன்

போலந்துக்காரர் என் பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார்.

அக்டோபர் 22, செவ்வாய்

இதுவரை பதினொரு ட்ராக். பதினொன்றிலும் அதே இடத்தில் அதே கோளாறு. எவரோ ஒருவர் முதலில் தப்பாகப் போட்டிருக்கிறார், மற்றவர்கள் பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள். இணையத்தில் இப்படி நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 15 விழாவிலும் இந்த இடத்தில்தான் சிறு குழப்பம் நேர்ந்தது. அதை இங்கே எழுதவில்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். நான் கடைசிப் பகுதிக்குப் போனபோது எமி அங்கே வரவில்லை. சேலத்து ட்ரம்ஸ்காரரும் கிடார்காரரும் அவளோடு பின்தங்கிவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் நான் மைக்கில் சபைக்கு விளக்கம் அளித்தேன். சபை சிரித்தது. எமியும் சிரித்தாள் என்றுதான் நினைவு.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாடி வீட்டுக்காரர்கள் அதிரசமும் முறுக்கும் கொடுத்தார்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன வைத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. எமிக்குத் தெரியும். அதைக் கேட்கலாமே என்று போன் செய்தேன். ஜெசிந்தா எடுத்தாள்.

“சர்க்கரை வச்சுக் குடுங்கப்பா. அம்மாதான் சொல்லச் சொன்னாங்க.”

“அவ பக்கத்துல இருக்காளா?”

“குளிக்கிறாங்க.”

சர்க்கரை வைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

ஒரு யோசனை தோன்றியது. போலந்துக்காரர் திருத்த மாட்டார் என்றால் நாமே திருத்திக்கொள்ளலாம். பாலக்கரையில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டு சேர்க்கிற ஸ்டுடியோவுக்குப் போனேன். ரீகன் என்று ஒருவர் வைத்திருக்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் இருபத்து நான்காவது பாரை வெட்டி எடுத்துவிடுங்கள் என்றேன். ஹெட்போனில் இரண்டு தடவை கேட்டார்.

“எதுக்கு சார் வெட்டணும்? கரெக்டாத்தான இருக்கு.”

“ஒரு பார் ஜாஸ்தி.”

“இல்ல சார். எட்டு எட்டா நாலு. முப்பத்தி ரெண்டு வருது பாருங்க.”

“நீங்க வெட்டுங்க.”

வெட்டினார். நல்ல பையன்தான், ஆனால் வாய் ஜாஸ்தி.

நவம்பர் 6, புதன்

வெட்டிய ட்ராக்கோடு வாசித்தேன். இப்போது சரியான இடத்துக்குச் சரியாக வந்து சேர்கிறார்கள். ஆனால் வெட்டிய இடத்தில் ஒரு உதறல் இருக்கிறது. பேருந்து திடீரென்று கியர் மாற்றுகிற மாதிரி. பத்து தடவை வாசித்தேன், பத்து தடவையும் உதறியது.

எமி வாசிக்கும்போது இந்த உதறல் இருந்ததில்லை. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

காந்தி மார்க்கெட்டில் ஆய்வு. வெங்காயக் கடைகள் வரிசையில் ஒன்பது கடைகளில் ஒரு கிலோ எடைக்கல் இரண்டு கிராம் குறைவு. ஒன்பதிலும் இரண்டு கிராம்தான். கூட்டாகச் சேர்ந்து செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, ஒன்பது கல்லையும் எடுத்துக்கொண்டு, ஒன்பது பேருக்கும் நோட்டீஸ் எழுதினேன். அஞ்சலை என்கிற கடைக்கார அம்மா எதையோ சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் எதையாவது சொல்லத்தான் செய்வார்கள். எழுத்துமூலம் கொடுக்கச் சொன்னேன்.

நவம்பர் 14, வியாழன்

ஆபீசில் அந்த ஒன்பது கல்லையும் மேஜையில் வரிசையாக வைத்திருந்தேன். உதவியாளர் கலியமூர்த்தி டீ கொண்டுவந்தவர், வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒன்பது பேரும் ஒண்ணு போலத் தப்பு பண்ண மாட்டாங்க. நம்ம கல்லை ஒரு தடவ பாத்துருவோமே.”

நம்ம கல் என்றால் நாங்கள் கையோடு கொண்டுபோகிற பித்தளைப் படிக்கல். மற்றக் கற்களை அதோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்போம். அதை ஒருவர் சந்தேகப்படுவது வழக்கமில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் அரக்கு ஒட்டியிருந்தது. உறைக்கு முத்திரை வைக்கிற அரக்கு. போன வாரம் அந்த மேஜையில் முத்திரை வைத்தது நான்தான். சுரண்டி எடுத்து எடை போட்டோம். இரண்டு கிராம்.

கலியமூர்த்தி டீ ஆறிவிட்டது என்று வேறு டீ வாங்கப் போனார்.

மாலை ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவவில்லை. வெட்டாத ட்ராக்குகளை வரிசையாகப் போட்டு, சாக்ஸபோனைத் தொடாமல், விரல் விட்டு எண்ணினேன். பிரேசில் முப்பத்திரண்டு. ஜப்பான் முப்பத்திரண்டு. நாய்க்காரர் முப்பத்திரண்டு. போலந்து முப்பத்திரண்டு. பிறகு நான் வாசிப்பதைப் போனில் பதிவு செய்து எண்ணினேன்.

முப்பத்தொன்று.

இருபத்து நான்காவது பாரில் பாட்டு நாலு எண்ணிக்கை சும்மா நிற்க வேண்டும். நான் நிற்பதில்லை. நேரே அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறேன். ஒரு தடவைகூட நின்றதாகத் தெரியவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

லீவு போட்டேன். காரணம் தலைவலி என்று எழுதினேன்.

இருபத்தெட்டு வருடம் நான் முப்பத்தொன்று வாசித்திருக்கிறேன், எமி என்னோடு தாண்டி வந்திருக்கிறாள். உதறல் தெரியாமல் வந்திருக்கிறாள். ரீகன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு செய்ய முடியாததை அவள் கையால் செய்திருக்கிறாள். ஆகஸ்ட் 15 அன்று அவளோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் சரியாக எண்ணுகிறவர்கள். என் ஒருவனுக்காக அவர்களையும் இழுத்துக்கொண்டு தாண்ட அவளால் முடியவில்லை.

மைக்கில் நான் அளித்த விளக்கம் இது, வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: “மன்னிக்கணும், கீபோர்டுல எண்ணிக்கை தவறிப்போச்சு. வீட்டுலயும் இப்படித்தான், உப்பு எண்ணிக்கையும் தவறும்.”

சபை சிரித்தது என்று எழுதியிருந்தேன். எமியும் சிரித்தாள் என்று எழுதியிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

மதியத்துக்கு மேல் கீபோர்டின் துணியை விலக்கினேன். மேலேயே அவளுடைய நோட்டு இருந்தது. முப்பத்திரண்டை அவள் கையால் எழுதிய பக்கம் பழுப்பேறிப் போயிருக்கிறது. இருபத்து நான்காவது பாரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம். அதன் மேல் சின்ன எழுத்தில், ‘இவர் நிற்க மாட்டார்’ என்று எழுதியிருக்கிறாள். பென்சில் மங்க மங்க மேலே திரும்பத் திரும்ப எழுதிய தடம் தெரிகிறது.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை, “அந்த இடத்துல ஒரு பார் இருக்குங்க” என்று ஆரம்பித்தாள். எனக்கே அளவு சொல்லித் தருகிறாயா என்று கேட்டேன். பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. துணியை முன்பு இருந்த மாதிரியே போட்டு மூடினேன்.

நவம்பர் 16, சனி

மார்க்கெட்டுக்குப் போய் ஒன்பது கடையிலும் கல்லைத் திருப்பிக் கொடுத்து, நோட்டீசை வாங்கிக்கொண்டு, தவறு என்னுடையது என்று நேரில் சொன்னேன். முதல் கடையில் சொல்லும்போது நாக்கு எழவில்லை. நான்காவது கடைக்கு மேல் பழகிவிட்டது.

ஒன்பதாவது அஞ்சலை கடை. “அதத்தானே சார் அன்னைக்கு மூணு தடவ சொன்னேன், ஒங்க கல்லப் பாருங்கன்னு. நீங்க காதுலயே வாங்கல” என்றார்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன். சரி வுடுங்க. நேர்ல வந்து சொல்லிட்டீங்கள்ல. யாரு வந்து சொல்றா?” ஒரு கிலோ சின்ன வெங்காயம் கட்டிக் கொடுக்கப் பார்த்தார். உத்தியோகத்தில் வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

மாலை எமிக்கே நேராகப் போன் செய்தேன். எடுத்துவிட்டாள். எடுப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. தண்ணி மோட்டார்ல ஒரு சத்தம் வருது.”

“வாஷர் போயிருக்கும். மாத்துங்க.”

“சரி.”

மோட்டாரில் சத்தம் எதுவும் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

போலந்துக்காரருக்கு எழுதினேன்: ஐயா, எண்ணிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, மன்னிக்கவும். பத்துப் பேரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, இவரையும் சேர்த்து. பாக்கி ஒருத்தி.

நவம்பர் 24, ஞாயிறு

ஒரு வாரமாக இருபத்து நான்காவது பாரில் நிற்கப் பழகுகிறேன். நாலு எண்ணிக்கை சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. கை போய்விடுகிறது. மூன்று எண்ணுவதற்குள் மூச்சு முட்டுகிறது. அந்த இடத்தில் ஒன்றும் வாசிக்காவிட்டால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று தோன்றுகிறது. அண்டாவுக்குள் இருக்கிற போனைத் தவிர இங்கே யாரும் இல்லை.

நவம்பர் 29, வெள்ளி

இன்று முதல் தடவையாக மூன்று சுற்றும் நின்றேன். போலந்துக்காரரும் நானும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தோம். நின்ற பிறகு வருகிற முதல் சுரம் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எமி அதை இருபத்தெட்டு வருடமாகக் கேட்கவில்லை. எனக்காகத்தான்.

டிசம்பர் 2, திங்கள்

மெல்கியோர் அண்ணன் அழைப்பிதழ் அச்சுக்குக் கொடுக்கப் போகிறார். “சாக்ஸபோன் சவரிமுத்து, கூட எமரென்சின்னு எப்பவும் போல போட்டுரட்டுமா?” என்றார்.

எமரென்சி முதலில், ‘கூட’ வேண்டாம் என்றேன்.

“வருமா அது? நெசமாச் சொல்லு சவரி. வரலைன்னா மைனஸ் ட்ராக் போட்டு வாசிப்பியா? அதுக்கு நான் வீட்டுல ரேடியோ கேட்டுக்குவேன்.”

தெரியவில்லை என்று சொன்னேன். இரண்டு மாதத்தில் இந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மையான பதில் இதுதான்.

டிசம்பர் 7, சனி

அழைப்பிதழ் வந்தது. ஒன்றை எமிக்குத் தபாலில் அனுப்பினேன். கூட ஒரு கடிதம் வைப்பதற்காக ஐந்து தாள் கிழித்தேன். எல்லாமே ஆபீஸ் நோட்டீஸ் மாதிரியே வந்தது. ‘மேற்படி நாளில் நேர்ந்த பிழை தொடர்பாக’ என்று ஒரு தாள் ஆரம்பித்திருந்தது. கடைசியில் ‘வருவாயா?’ என்று மட்டும் எழுதி, ரயில் டிக்கெட்டையும் உள்ளே வைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

ஜெசிந்தா போன் செய்தாள். “அம்மா வராங்களாம். 21ஆம் தேதி காலை ரயில்ல.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. இன்விடேஷன எடுத்து எடுத்துப் பாத்தாங்க.” போனை வைக்கும் முன் சொன்னாள்: “அப்பா, அம்மாகிட்ட ஏதாவது பேசுங்க. வாஷர், மோட்டார்னு பேசாதீங்க.”

சரி என்றேன்.

டிசம்பர் 20, வெள்ளி

வீட்டைப் பெருக்கினேன். அண்டாவைக் கழுவி உரிய இடத்தில் வைத்தேன். நாளை பதினோரு மணிக்கு ரயில் வந்துவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டு, எனக்கு நிற்கத் தெரியும் என்பதைச் சொல்லிவிட்டு, இரண்டு தடவை சேர்ந்து வாசித்துப் பார்க்க நேரம் இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

ரயில் ஐந்து மணி நேரம் தாமதம். கரூருக்கு அந்தப் பக்கம் எங்கோ நிறுத்திவிட்டார்களாம். நாலேகாலுக்கு எமி இறங்கினாள். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. பெட்டி போனபோது இருந்ததைவிடச் சின்னது. மீதிச் சாமான் கோவையிலேயே இருக்கிறது போலும்.

“இளைச்சிட்டீங்க.”

“நானே சமைக்கிறேன்.”

“தெரியுது.”

ஆட்டோவில் ஏறியதும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ஜங்ஷன் மேம்பாலத்தில் வாயைத் திறந்தேன். பேத்திக்குச் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“எந்தச் சளி?” என்றாள்.

வீட்டில் அவள் முகம் கழுவிப் புடவை மாற்றுவதற்குள் மெல்கியோர் அண்ணன் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். அங்கேயும் சொல்லவில்லை. மன்றத்தில் மேடைக்குப் பின்னால் நிற்கும்போது, “எமி, அந்த முப்பத்திரண்டுல” என்று ஆரம்பித்தேன். “எனக்குத் தெரியும், நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு மேடையில் இருந்த மன்றத்துப் பியானோவுக்குப் போய்விட்டாள். வெங்காயக் கடை ஒன்பதிலும் சொன்ன வாய் இது.

கூட்டம் நிறைய. ஆகஸ்டில் வந்த அதே ஆட்கள். இரண்டு கீதங்கள் வாசித்தோம், கை தட்டினார்கள். பிறகு முப்பத்திரண்டு. முதல் பதினாறு பார் நன்றாக இருந்தது. நாலு மாதம் பிரிந்திருந்த மாதிரியே இல்லை. இருபத்து மூன்று போயிற்று. இருபத்து நான்கில் நான் நின்றேன். மனதுக்குள் ஒன்று என்று எண்ணினேன்.

எமி தாண்டிவிட்டாள்.

இருபத்தெட்டு வருடமாக நான் இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தாள், அங்கே நான் இல்லை. இரண்டு என்று எண்ணும்போது அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மூன்றில் இரண்டு பேரும் எங்கே இருக்கிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. நான்கில் பாட்டு நின்றுபோயிற்று. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எமியின் கை பியானோ மேலேயே இருந்தது. மைக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள்.

மைக்கிடம் போனேன். “ஆகஸ்டு பதினஞ்சு அன்னைக்கு இதே மைக்குல, கீபோர்டுல எண்ணிக்கை தவறிப்போச்சுன்னு சொன்னேன். உப்பைப் பத்தியும் ஒண்ணு சொன்னேன். ரெண்டும் தப்பு. தவறுனது நான். கல்யாணமான நாள்லேருந்து நான் ஒரு பார் குறைச்சலாத்தான் வாசிக்கிறேன். எமரென்சி கூடவே தாண்டி வந்து வெளிய தெரியாமப் பாத்துக்கிட்டா. அதனாலதான் நான் பெரிய வாசிப்புக்காரன்னு நீங்க நெனச்சீங்க. நானும் நெனச்சேன். இப்பத் தவறுனதும் நான்தான். மறுபடியும் மொதல்லேருந்து வாசிக்கிறோம்.”

மெல்கியோர் அண்ணன் மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பியானோ பக்கத்தில் போய் நின்றேன். எமி குரலைத் தாழ்த்தி, “இப்ப நீங்க தவறலியே” என்றாள்.

“தெரியும்.”

“எப்பக் கத்துக்கிட்டீங்க?”

“போலந்துக்காரர் ஒருத்தர் கூட.”

அது யார் என்று அவள் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையைப் பியானோக் கட்டைகள் மேல் வைத்தாள்.

“நிப்பீங்களா?”

“நிப்பேன்.”

“எண்ணுங்க.”

எண்ணினேன். இந்தத் தடவை இருபத்து நான்கில் இரண்டு பேரும் நின்றோம். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு எண்ணிக்கையும் முழுசாக. பிறகு சேர்ந்து போனோம்.

முடிந்து கை தட்டல் ஓய்ந்ததும் மெல்கியோர் அண்ணன் வந்தார். “நல்லாருந்துச்சு. நடுவுல ஒரு எடத்துல மட்டும் கரண்ட் போயிடுச்சோன்னு நெனச்சேன்” என்றார்.

பதிவுக்காக ஒன்று எழுதி வைக்கிறேன். முதல் தடவை தாண்டியது எமி, நான் அல்ல. ஆகவே இப்பத் தவறியதும் நான்தான் என்று மைக்கில் சொன்னது அளவுப்படி சரியில்லை. ஆனால் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவள் தாண்டியிருக்க மாட்டாள். இதை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். முப்பத்து மூன்று வருட சர்வீஸில் தெரிந்தே ஒரு தவறான அளவுக்கு நான் முத்திரை குத்தியதில்லை. இதைத் திருத்தப் போவதில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தபோது எமி அடுக்களையில் இருந்தாள். ரசப் பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் கழுவப் போட்டாள். கூடத்தில் கீபோர்டின் துணி மடித்து வைத்திருந்தது. அடாப்டர் சுவரில் செருகியிருந்தது.

அவள் பார்க்காத நேரத்தில் நோட்டைப் பிரித்தேன். ‘இவர் நிற்க மாட்டார்’ என்பதை அழிக்கவில்லை. அதன் கீழே புதுப் பென்சிலில், ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறாள்.